குதியாட்டம் என்றால் என்ன, அண்ணா?

அகராதி அலுவலகத்தில் சொற்களுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும் என் அன்பு அண்ணனுக்கு, உங்கள் தம்பி, எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு), குடியிருப்போர் சங்கச் செயலாளர் (ஓயவில்லை), வணங்கி எழுதுவது.

நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் தம்பி மனைவியின் கழுத்தில் இருந்த கட்டியில் ஊசி வைத்துத் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்களே, அதன் முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் போன் செய்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி யாருக்கும் ஒரு வரி எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. ஆகவே நான் எழுதவில்லை. எழுத வந்தது வேறு விஷயம், அவசரமானது. குதியாட்டம் என்ற சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு குடும்பம் இந்தக் கட்டடத்தில் இருப்பதா, பெட்டியைக் கட்டுவதா என்பது அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எங்கள் தலைக்கு நேர் மேலே உள்ள வீட்டில் ஒரு தையல்காரர் குடியிருக்கிறார். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறார். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர்களுக்கு ஒரே மகள், பால்பல் விழுகிற வயது. என் மனைவி அவளுக்கு வைத்திருக்கிற பேர் பந்து. சாயங்காலம் ஆனால் போதும், மேலே தொம் என்று ஒன்று விழும், உடனே தொம்தொம், பிறகு சர்ரென்று ஓர் இழுப்பு, கடைசியில் தடால். எங்கள் கூடத்துத் தொங்குவிளக்கு ஊஞ்சல் மாதிரி ஆடும். நான் படித்துக்கொண்டிருக்கும் பேப்பரில் ஒரு வரி வெளிச்சத்திலும் ஒரு வரி இருட்டிலும் போய்விடும். வேறு நாளாக இருந்தால் பொறுத்திருப்பேன். இப்போது எனக்கு இந்தப் போன் மணி கேட்க வேண்டும், அண்ணா. தொம் என்று சத்தம் வந்தால் போன் அடித்து நின்றிருக்குமோ என்று ஓடிப்போய்ப் பார்க்கிறேன், அடித்திருக்காது. சும்மா விடுவேனா? செயலாளர் என்ற முறையில் ஓர் அறிவிப்பு எழுதி லிப்டுக்குள் ஒட்டினேன். "குடியிருப்போர் யாரும் குதியாட்டம் போடக் கூடாது. மீறினால், மூன்று புகாருக்குப் பின் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும்." நல்ல பசை போட்டு ஒட்டினேன். சுருக்கமாக, கறாராக, எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. நீங்கள் பார்த்திருந்தால் என் முதுகில் தட்டியிருப்பீர்கள். ஒட்டிய கையோடு மேல்வீட்டின் மேல் இரண்டு புகாரும் நானே எழுதி நானே பெற்றுக்கொண்டேன்.

அங்கே பிடித்தது சனி. மறுநாளே எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்து, "நான் காலையில கயிறு தாண்டறேன், அது குதியாட்டமா?" என்று கேட்டார். அவர் எங்கள் சங்கத் தலைவர். தலைவர் செய்வது எப்படிக் குதியாட்டமாகும், அது உடற்பயிற்சி என்றேன். அவர் போன பிறகு எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்தார். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே படியேறி வருகிற மனுஷன். கதவை அறைந்து சாத்துவதும் குதியாட்டத்தில் சேரும் என்று எழுத்தில் தர வேண்டும் என்றார். அவருக்குத் தும்மினாலே ஒரு திருகாணி காணாமல் போய்விடும். இப்படி ஆளாளுக்கு வந்து விளக்கம் கேட்டதால், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டினேன். தையல்காரர் வந்து ஓரமாக நின்றார். வாயில் குண்டூசியோடு வேலை செய்து பழகியதால் வாயை அதிகம் திறக்காமலே பேசுவார். "சார், குதியாட்டம்னா எதுன்னு சரியா சொல்லிடுங்க. அதை மட்டும் போடாம பாத்துக்கறோம்" என்றார்.

நியாயமான கேள்விதான். அறிவிப்பையே இன்னொரு தடவை ஒப்பித்தேன். "சொல்லத் தெரியலைன்னா செஞ்சு காட்டுங்க செயலாளரே" என்று கடிகாரக்காரர் பொடி வைத்துப் பேசினார். அத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியுமா? வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பதவிக்குப் பங்கம் வராத அளவுக்கு ஒரே ஒரு குதி குதித்தேன். யாரும் ஏற்கவில்லை. படியில் கால் தவறியதுபோல இருக்கிறது என்றார் ஒருவர். தண்ணீரைத் தாண்டுவதுபோல இருக்கிறது என்றார் இன்னொருவர். சரிதான் என்று கொஞ்சம் உயரமாகக் குதித்தேன். செருப்பு ஒன்று காலை விட்டுப் பறந்துபோய்ப் பல் டாக்டரின் புதுக் காரின் மூக்கில் விழுந்தது. கார் ஊளையிட ஆரம்பித்தது. சாவி மேலே வீட்டில், டாக்டர் மாடிக்கு ஓட, அவர் பின்னால் நான் ஒற்றைச் செருப்போடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட, கூட்டம் அத்தோடு கலைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் சரியான பொருளோடு வர வேண்டும் என்று தீர்மானம். "உங்க அண்ணன்தான் அகராதியே போடறாராமே!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தப் பெருமையை ஊர் பூராவும் பரப்பியது நானேதான்.

வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அகராதியைத் தேடினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது டிவிக்கு அடியில் இருந்தது; படம் கண்ணுக்கு நேராகத் தெரிவதற்காக. டிவியைத் தூக்கி, தூசி தட்டி, பக்கத்தைப் பிடித்தேன். குதியாட்டம் என்ற இடத்தில் கும்மாளம் என்று போட்டிருக்கிறீர்கள். கும்மாளத்துக்குப் போனால் குதியாட்டம் காண்க என்கிறீர்கள். என்ன அண்ணா இது? முப்பது வருஷம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன் நான். இந்த மேஜை அந்த மேஜைக்கு அனுப்புவதும் அந்த மேஜை இந்த மேஜைக்கு அனுப்புவதும் எனக்குப் புதிதில்லை, ஆனால் நம் குடும்பத்து ஆளே இப்படிச் செய்வார் என்று எதிர்பார்க்கவில்லை. தராசு சரியா இல்லையா என்று பார்க்க நாங்கள் ஓர் எடைக்கல்லை வைப்போம். அந்த எடைக்கல் சரியா என்று பார்க்க அதே தராசில் வைத்தால் கடைக்காரன் சிரிக்க மாட்டானா?

சரி, அளந்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். விளக்கிலிருந்து ஒரு நூலைக் கட்டி, நுனியில் சட்டைப் பொத்தானைத் தொங்கவிட்டு, கீழே மேஜையில் வட்டம் போட்ட காகிதத்தை வைத்தேன். பொத்தான் வட்டத்தைத் தாண்டினால் குதியாட்டம், உள்ளேயே ஆடினால் வெறும் நடமாட்டம். எவ்வளவு எளிமை பாருங்கள். பக்கத்தில் போய்ப் பார்ப்பதற்காக ஸ்டூல்மேல் ஏறினேன். என் மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "பேசாம பேப்பர் படிக்கக் கூடாதா நீங்க?" என்றாள். "சும்மா பிடி. இது சங்கத்து வேலை" என்றேன். அந்த நேரம் பார்த்து மேலே தொம் என்றது. பொத்தான் என் மூக்கில் அடித்தது. அடுத்த தொம்மில் விளக்கின் கண்ணாடிக் குடுவை கழன்று, உடையாமல், அப்படியே என் தலைமேல் தொப்பியாக உட்கார்ந்தது. கையில் பென்சில், தலையில் குடுவை, அசையாமல் நிற்கிறேன். கீழே இருந்து ஒரு சத்தம். அவள் அழுகிறாளோ என்று பதறிப்போய்க் குனிந்தால் சிரிக்கிறாள், அண்ணா. ஸ்டூலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. இறங்க மனசு வராமல் கொஞ்ச நேரம் ஸ்டூலிலேயே நின்றேன்.

ஆனாலும் கடமை கடமைதான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று மறுநாள் சாயங்காலம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மேல்வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுத்தார். பந்து சோபாவின் ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். "தாத்தா, நான் அதைப் போடவே மாட்டேன்" என்றாள். "எதை?" என்று கேட்டேன். "அதான் லிப்டுல எழுதியிருக்கே, அது" என்றாள். பேரைச் சொன்னாலே புகார் ஆகிவிடும் என்று பயந்திருக்கிறாள். தேநீர் ஆறுகிற வரைக்கும் குழந்தை இமையைத் தவிர எதையும் அசைக்கவில்லை. எனக்கே கொஞ்சம் சங்கடமாகி, வந்த வேலையை விட்டுவிட்டுக் கிளம்பலாமா என்று யோசித்தேன். அப்போது வெளியே லிப்டுக் கதவு கிரீச்சென்று திறந்தது. சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது.

அவ்வளவுதான். சோபாவிலிருந்து தொம். தரையிலிருந்து வெட்டுத்துணிக் குவியல்மேல் தொம்தொம். துணியோடு சர்ரென்று வழுக்கிக்கொண்டு என் முழங்காலில் மோதி, என்னைத் தேநீர்க் கோப்பையோடு சாய்த்து, எழுந்து, கதவைத் திறந்து, சீருடையில் நின்ற தன் அம்மாமேல் தடால். அந்த அம்மாள் தோள்பையைக் கீழே போட்டுவிட்டு மகளைத் தூக்கிச் சுற்றினாள். நாள் முழுக்க அவ்வளவு பெரிய வண்டியை அத்தனை நிதானமாக ஓட்டுகிறவள்தானா இவள் என்று நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். சுற்றி முடித்தபோதுதான் என்னைக் கவனித்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மகளை மெதுவாக இறக்கினாள்.

"சார், இதுவா?" என்றாள்.

"இதேதான்" என்றேன், சட்டையில் தேநீர் சொட்டச் சொட்ட.

"நான் வர்ற சத்தம் கேட்டாத்தான் சார் இவ இப்படி. மத்தபடி நல்ல பொண்ணு. நாளையிலேருந்து நான் லிப்டுல வரலை. செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு படியில வந்துடறேன். சாவியையும் கைக்குள்ள மூடிக்கறேன். நான் வந்ததே தெரியாது. அப்புறம் இவ எதுக்கு அந்த... அதைப் போடப் போறா?"

சொன்னபடியே செய்தாள். நேற்றும் முந்தாநாளும் தொம் இல்லை, தொம்தொம் இல்லை. விளக்கு பழுதான பெண்டுலம் மாதிரி நேராகத் தொங்கியது. எனக்கு வெற்றி. நானும் குட்டி போட்ட பூனை மாதிரி போனையே சுற்றிச் சுற்றி வந்தேன். அது அடிக்கவில்லை. நிசப்தத்தில் அது அடிக்காதது இன்னும் நன்றாகக் கேட்டது. என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, பந்தோட அம்மா இன்னும் வரலையா? பாவம், குழந்தை காத்துக்கிட்டிருக்குமே" என்றாள். வந்தாயிற்று என்று சொன்னேன். "அப்ப ஏன் சத்தமே இல்லை?" என்றாள். நான் பேப்பரைத் திருப்பினேன். ஒழுங்காக எல்லா வரியும் வெளிச்சத்தில் இருந்தது, ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஆனால் சட்டம் சட்டம்தான். சட்டை கறையான அன்றைக்கே மூன்றாவது புகாரை எழுதிவிட்டேன், கையெழுத்துக்கூடப் போட்டாயிற்று, மேஜைமேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வைத்தால் வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் போய்விடும். "எந்தப் பொருள்ல எழுதினீங்க?" என்று தையல்காரர் கேட்டால் வாயடைக்க வேண்டுமே. ஆகையால் அண்ணா, உங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு கறாரான பொருள் அனுப்புங்கள். கீழ்வீட்டு விளக்கு ஆடும்படியான என்ற சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். தகுந்த காரணமின்றி என்பதையும் சேர்த்தால் எனக்கு உதவி. பெரியவர்கள் செய்ய மாட்டார்கள் என்பதையும் போடலாம். நான் விசாரித்துவிட்டேன். இந்தக் கட்டடத்தில் தான் குதியாட்டம் போட்டதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எப்போதும் பக்கத்து வீட்டுக்காரன்தான் போடுகிறான், மேல்வீட்டுக் குழந்தைதான் போடுகிறது. நான் செய்தால் உடற்பயிற்சி, நீ செய்தால் குதியாட்டம், இதுதான் நடைமுறை வழக்கு. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், புதுப் பதிப்புக்கு உதவும்.

அண்ணிக்கு என் வணக்கம். முட்டிவலிக்கு எண்ணெய் தடவுவதை நிறுத்த வேண்டாம். அச்சகத்தில் பிழை பார்க்கிற உங்கள் தோழர்களுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் மூக்குக்கண்ணாடி தலைமேல்தான் இருக்கும், தடவிப் பாருங்கள். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், கறாரான பொருள்களோடு நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அடங்கிய தம்பி.

பி.கு.: அண்ணா, மேலே இருக்கும் எதையும் படிக்காதீர்கள். படித்துத் தொலைத்திருந்தால் அடித்துவிடுங்கள், முதலில் அந்த 'அடங்கிய' என்ற சொல்லை. நேற்று உறையை ஒட்டப் பசையைத் தேடிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. டாக்டர். "பயப்பட ஒண்ணுமே இல்லை, சாதாரணக் கட்டி, மருந்துகூட வேண்டாம்" என்றார். இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன். சொன்னார். கடைசியாக ஒரு தடவை என்றேன். அந்த நல்ல மனுஷன் அதையும் சொன்னார். அதற்கப்புறம் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை, பார்த்தவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து சமையல்கட்டு வரைக்கும் போனேனாம், ஆனால் நடக்கவில்லையாம். நடுவில் சோபாமேல் ஏறினேனாம். ஜன்னல் திரையைப் பிடித்துச் சுற்றி, கம்பியோடு திரையும் என்னோடு வந்ததாம். அப்படியே முக்காடு போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் இறங்கினேனாம். "என்னங்க இது குதியாட்டம், இந்த வயசுல!" என்று கத்தினாள். அது மட்டும் என் காதில் விழுந்தது. விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த கரண்டியோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவள், எழுந்த வேகத்தில் தரையில் நிற்கவில்லை. இரண்டு பேருமாக என்ன செய்தோம் என்று உங்கள் அகராதியில் தேடிக்கொள்ளுங்கள்.

வாசல் மணி அடித்தது. கடிகாரக்காரர், கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் திறந்த கடிகாரம். "மேல்வீட்டுல குதியாட்டம்! ஒரு பல்சக்கரம் எகிறிப்போயிடுச்சு! புகார் எழுதிக்குங்க!" என்றார். யார் மேல் என்று கேட்டேன். "உங்க மேலதான்!" என்றார். எழுதினேன், அண்ணா. செயலாளர் எழுதாமல் வேறு யார் எழுதுவது? எழுதிக்கொண்டே காரணத்தையும் சொன்னேன். பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அந்த மனுஷனின் இரண்டு கண்ணையும் ஒன்றாக அன்றுதான் பார்த்தேன். "அப்படியா! சரி, நான் கீழே போறேன். நீங்க இன்னொரு தடவை குதிங்க. போன சக்கரம் எங்கேயாவது கிளம்புதான்னு பாக்கறேன்" என்றார். குதித்தோம். கிடைத்துவிட்டது என்று கீழே இருந்து கத்தினார். அந்தச் சந்தோஷத்துக்கும் சேர்த்து ஒன்று குதித்தோம்.

திரும்பிப் பார்த்தால் வாசலில் பந்து, நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள். "தாத்தா, இதுதான் அதுவா?" என்று கேட்டாள். இதேதான் என்றேன். "அப்ப நீங்களும் வீட்டைக் காலி பண்ணணுமா?" என்றாள். அண்ணா, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்றாவது புகாரை அவள் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொன்னேன், அழகாகக் கிழித்தாள். லிப்டில் இருந்த அறிவிப்பையும் போய்க் கிழித்தேன். என் பசை நல்ல பசை ஆயிற்றே, முழுதாக வரவில்லை. மேலே "குதியாட்டம் போட" என்பதும் கீழே "வேண்டியிருக்கும்" என்பதும் மட்டும் மிச்சம் நிற்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு கீழே போய்க் காத்திருந்தேன். பஸ்காரம்மா வேலை முடிந்து வந்து, படியோரம் குனிந்து செருப்பைக் கழற்றப் போனாள். "கழட்டாதம்மா. லிப்டுல போ. கதவை நல்லா சத்தமா தெற" என்றேன். சாவிக்கொத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

உங்கள் புதுப் பதிப்புக்குப் பொருள் கிடைத்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள். குதியாட்டம்: வர வேண்டியது வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் கால்கள் யாரையும் கேட்காமல் செய்வது. எடுத்துக்காட்டு வாக்கியம்: நேற்று நான் குதியாட்டம் போட்டேன். என் பேரையே கீழே போடலாம். கையெழுத்து இங்கே கோணிக்கொண்டு போவதற்கு மன்னிக்கவும். மேலே லிப்டுக் கதவு திறந்துவிட்டது, விளக்கு ஆடுகிறது.